ஈரத் தொட்டிக்குள் தாகத்தில் வாடிய ஆர்க்கிட்: ஒரு நிகழ்வு ஆய்வு

"தண்ணி ஊத்திக்கிட்டேதான் இருக்கேன், ஆனா இலை சுருங்கிக்கிட்டே போகுது" என்றபடி அக்கா அந்தத் தொட்டியை என் மேசையில் வைத்தாள். செடியின் பிரச்சினை முழுவதும் அந்த ஒரே வரியில் இருந்தது. அது எனக்குப் புரிவதற்கு ஐந்து நாள் ஆனது. அந்த ஐந்து நாளில் தொடங்கி அடுத்த பத்தொன்பது மாதம் வரை செடியில் என்ன நடந்தது, எதை ஏன் செய்தேன், எங்கே தவறினேன் என்பதை ஒரு நோட்டில் குறித்து வைத்திருந்தேன். இதே நிலையில் ஒரு செடியை வைத்துக்கொண்டு தவிப்பவருக்கு உதவும் என்பதால் முழுவதையும் எழுதுகிறேன்.

வந்தபோது இருந்த நிலை

செடி ஃபெலனாப்சிஸ் வகை, வெள்ளைப் பூ பூக்கும் கலப்பினம். வீட்டுக்குள் வளர்க்கப்படும் ஆர்க்கிட்களில் மிகப் பரவலாகக் காணப்படுவது இதுதான். பூ, சிறகு விரித்த அந்துப்பூச்சி போல இருக்கும். 1825இல் கார்ல் லுட்விக் ப்ளூமே இந்தப் பேரினத்துக்குப் பெயர் வைத்தபோது அந்தப் பொருளைத்தான் கிரேக்கச் சொற்களில் வைத்தார்.

அக்காவிடம் பதினான்கு மாதமாக இருந்த செடி. வந்த புதிதில் மூன்று மாதம் பூ நின்றிருக்கிறது. பூ உதிர்ந்த பிறகு இலைகள் மெல்லச் சுருங்கத் தொடங்கின. வாரம் ஒருமுறை விட்ட தண்ணீரை அவள் இரண்டாக்கினாள். சுருக்கம் கூடியதும் ஒன்றுவிட்டு ஒரு நாள் விட்டாள். அன்போடு செய்ததுதான். வாடிய செடியைப் பார்த்தால் யாருடைய கையும் தண்ணீரைத்தான் தேடும்.

நான் எண்ணியபோது ஐந்து இலைகள் இருந்தன. அடி இலை இரண்டும் மஞ்சள். மேலே இருந்த மூன்றும் பச்சைதான், ஆனால் தோல் போலத் துவண்டு, நீளவாக்கில் வரிவரியாகச் சுருங்கி, தொட்டியின் விளிம்பில் சாய்ந்து கிடந்தன. நடுக்குருத்து மட்டும் கெட்டியாக, நிறம் மாறாமல் இருந்தது. பழைய பூந்தண்டு பாதி காய்ந்து, பாதி பச்சையாக நின்றது.

முதலில் குருத்தை மெல்ல அசைத்துப் பார்த்தேன். இது மிக முக்கியமான சோதனை. ஃபெலனாப்சிஸ் ஒற்றைக் குருத்தில் மேல்நோக்கி வளரும் செடி. பக்கக் கன்று விட்டு வளரும் ஆர்க்கிட் வகைகளைப் போல ஒரு பக்கம் போனால் இன்னொரு பக்கம் என்ற வசதி இதற்கு இல்லை. குருத்து அழுகிப்போய் நடு இலை கையோடு வந்துவிட்டால், அடியில் ஒரு கன்று முளைத்தால்தான் உண்டு. பெரும்பாலும் அது முளைப்பதில்லை. இங்கே குருத்து அசையவில்லை. அப்படியானால் முயன்று பார்க்க இடம் இருக்கிறது.

தண்ணீர் விடாத ஐந்து நாள்

இலை சுருங்குவதற்குப் பல காரணம் இருக்கலாம். தண்ணீர் போதாமல் இருக்கலாம், வேர் அழுகியிருக்கலாம், வெயில் சுட்டிருக்கலாம், குளிர் அடித்திருக்கலாம், மாவுப்பூச்சியோ செதில் பூச்சியோ சாற்றை உறிஞ்சிக்கொண்டிருக்கலாம். இலையை மட்டும் பார்த்து இவற்றைப் பிரிப்பது கடினம். இலையின் அடிப்புறத்தையும் இலை தண்டோடு சேரும் இடுக்குகளையும் ஈரத் துணியால் துடைத்துப் பார்த்தேன். பூச்சி இல்லை, பிசுபிசுப்பும் இல்லை. வெயில் சுட்டால் வெளுத்த அல்லது கருகிய திட்டு இருக்கும், அதுவும் இல்லை.

மிச்சம் இருந்தவை இரண்டு. தண்ணீர் குறைவு, அல்லது வேர் போய்விட்டது. ஒன்றுக்கு மருந்து இன்னொன்றுக்கு நஞ்சு என்பதால் அவசரப்பட விரும்பவில்லை. தொட்டியைச் சமையலறைத் தராசில் வைத்தேன். 612 கிராம். அப்படியே நிழலான சன்னலோரம் வைத்து, சொட்டுத் தண்ணீர் விடாமல் ஐந்தாம் நாள் மறுபடி வைத்தேன். 597 கிராம்.

அந்த எண்ணைப் பார்த்ததும்தான் எனக்கு விஷயம் பிடிபட்டது. ஐந்து நாளில் பதினைந்து கிராம்! அது மேற்பரப்பில் ஆவியாகிப் போனது. செடி எதையும் குடிக்கவில்லை. நல்ல வேர் உள்ள செடி, காற்றோட்டமான கலவையில் இருந்தால், ஐந்து நாளில் தொட்டி இலேசாகிவிட்டது என்பது கையில் தூக்கும்போதே தெரியும். இங்கே கலவை முழுக்க ஈரம், மேலே இலை முழுக்கத் தாகம். இரண்டுக்கும் நடுவே இருக்க வேண்டிய வேர் இல்லை. அக்கா சொன்ன அந்த வரிக்கு அர்த்தம் அதுதான். தண்ணீர் ஊற்றியும் இலை சுருங்கியது என்பதல்ல விஷயம். தண்ணீர் ஊற்றியதால்தான் சுருங்கியது.

இந்த இடத்தில்தான் பெரும்பாலான செடிகள் சாகின்றன என்று நினைக்கிறேன். இலை சொல்லும் சேதி உண்மையானது: உடம்பில் நீர் இல்லை. அதை நாம் புரிந்துகொள்ளும் விதம் தவறு: தொட்டியில் நீர் இல்லை என்று எடுத்துக்கொள்கிறோம்.

தொட்டியைக் கவிழ்த்தபோது

செடி இரண்டு தொட்டிக்குள் இருந்தது. உள்ளே துளையுள்ள பிளாஸ்டிக் தொட்டி, வெளியே துளையே இல்லாத பீங்கான் தொட்டி. உள்தொட்டியைத் தூக்கினால் பீங்கானின் அடியில் ஒரு விரல்கடை உயரத்துக்குப் பழுப்பு நிறத் தண்ணீர் நின்றது. அழுகல் வாடை வேறு. ஐந்து நாளும் தொட்டியின் அடிப்பகுதி அந்த நீரில்தான் ஊறிக்கொண்டிருந்திருக்கிறது. எடை போடும்போதே இதைக் கவனித்திருக்க வேண்டும், விட்டுவிட்டேன்.

செடியை வெளியே எடுத்தேன். மரப்பட்டைத் துண்டுகள் பொடிந்து களிமண் போல ஆகியிருந்தன. நடுவில், தண்டின் அடியை ஒட்டி, முட்டை அளவில் இறுகிய பாசி உருண்டை ஒன்று. நாற்றாக இருந்தபோது வேரைச் சுற்றிவைத்த ஸ்பேக்னம் பாசி அது. பெரிய தொட்டிக்கு மாற்றும்போது அதை எடுக்காமல் அப்படியே வைத்துச் சுற்றிலும் பட்டையைப் போட்டுவிடுவார்கள். வெளியே பட்டை காய்ந்தாலும் நடுவில் அது ஈரமாகவே இருக்கும். பிழிந்தபோது தண்ணீர் சொட்டியது.

வேர்களை ஓடும் தண்ணீரில் கழுவி ஒவ்வொன்றாக விரலால் அழுத்திப் பார்த்தேன். மொத்தம் பதினொன்று. ஒன்பது வேர்கள் பழுப்பாகி, அழுத்தினால் நீர் கக்கின. பிடித்து இழுத்தால் மேல்தோல் உறை போலக் கழன்று, உள்ளே நூல் மாதிரி ஒரு நரம்பு மட்டும் மிஞ்சியது. இரண்டு மட்டும் கெட்டியாக இருந்தன. ஒன்று ஏறக்குறைய ஒரு சாண் நீளம். இன்னொன்று மூன்று விரல் அளவு, அது தொட்டிக்கு வெளியே காற்றில் நீட்டிக்கொண்டிருந்த வேர்.

இது ஏன் நடக்கிறது என்பதற்கு அந்த வேரின் கட்டமைப்பைப் பார்க்க வேண்டும். இந்தச் செடி காட்டில் மண்ணில் வளர்வதில்லை. தென்கிழக்கு ஆசியாவின் மழைக்காடுகளில் மரக்கிளைகளில் தொற்றி வளர்கிறது. மரத்திலிருந்து எதையும் எடுத்துக்கொள்வதில்லை, அதனால் புல்லுருவி அல்ல. இடம் மட்டும்தான் மரத்துடையது. வேரைச் சுற்றி வெலாமன் என்ற பஞ்சு போன்ற திசு இருக்கிறது. அதன் செல்கள் வளர்ந்து முடிந்ததும் உயிரற்றுப்போய் வெற்றுக் கூடுகளாக நிற்கும். மழை பட்ட உடனே அந்தக் கூடுகள் நீரைப் பிடித்துக்கொள்ளும். காய்ந்த வேர் வெள்ளி நிறமாகவும் நனைந்த வேர் பச்சையாகவும் தெரிவது அதனால்தான். நீரை வேகமாகப் பிடித்து, பிறகு காற்றில் உலர்ந்து, அடுத்த மழைக்குக் காத்திருக்கும் உறுப்பு அது. அதை நாள்தோறும் நனைந்தே இருக்கும் பஞ்சுக்குள் அடைத்தால் வேருக்குள் உயிருள்ள பகுதிக்கு ஆக்சிஜன் போகாது. மூச்சுமுட்டிச் செத்த திசுவில் பித்தியம், ஃபியூசாரியம் போன்ற, அழுகலை உண்டாக்கும் பூஞ்சை வகை நுண்ணுயிர்கள் பரவுகின்றன. பூஞ்சையைக் குற்றம் சொல்வதைவிட, அதற்குக் கதவைத் திறந்துவிட்ட ஈரத்தைக் குற்றம் சொல்வதே சரி.

கத்தரியின் வாயைத் தீயில் காட்டி ஆறவிட்டு ஒன்பது வேர்களையும் வெட்டினேன். தீயில் காட்டுவது பூஞ்சைக்காக மட்டும் இல்லை. சிம்பிடியம் மொசைக் போன்ற வைரஸ்கள் ஆர்க்கிட்டிலிருந்து ஆர்க்கிட்டுக்கு வெட்டும் கருவி வழியாகவே போகும், அவற்றுக்கு மருந்தும் கிடையாது. உள்நரம்பு கெட்டியாக இருந்த ஓரிரு வேர்களில் அதைச் சிறிது விட்டுவைத்தேன், செடி தொட்டியில் ஆடாமல் நிற்க அது பிடிமானம். மஞ்சள் இலைகளில் ஒன்று தொட்டதும் வந்துவிட்டது. இன்னொன்றைப் பிடுங்கவில்லை. மஞ்சளாகும் இலையிலிருந்து செடி சத்தைத் திரும்ப எடுத்துக்கொள்கிறது, அதைத் தடுப்பானேன்? பூந்தண்டை அடியோடு வெட்டினேன்.

அப்புறம் ஒரு தவறு செய்தேன். வெட்டுக்காயங்களில் இலவங்கப்பட்டைத் தூள் தடவும் வழக்கம் ஆர்க்கிட் வளர்ப்பவர்களிடம் உண்டு. இலையிலோ தண்டிலோ உள்ள காயத்துக்கு அது சரி, ஈரத்தை உறிஞ்சிக் காயத்தை உலர்த்திவிடும். வேரில் படக்கூடாது. நான் தடவியபோது காற்றில் நீட்டியிருந்த அந்தச் சிறிய வேரின் மேல் கொட்டிவிட்டது. ஊதிவிட்டு அலட்சியமாக இருந்தேன். இரண்டு வாரத்தில் அதன் பச்சை நுனி சுருங்கிக் கருத்தது. இரண்டே வேர் உள்ள செடியில் அது பெரிய இழப்பு. இப்போதெல்லாம் வேரின் வெட்டுக்கு எதுவும் தடவுவதில்லை, ஒரு நாள் காற்றில் உலரவிடுகிறேன், அவ்வளவுதான். ஹைட்ரஜன் பெராக்சைடையும் நான் தொடுவதில்லை; நுரைக்கும்போது மிஞ்சியிருக்கும் நல்ல திசுவையும் சேர்த்தே அது சுடும்.

பாசியும் பையும்

ஏறக்குறைய ஒரே ஒரு வேர். நான்கு இலைகள். இந்த ஒரு வேரால் நான்கு இலைக்குத் தண்ணீர் கொடுக்க முடியாது. வரத்தைக் கூட்ட முடியாவிட்டால் செலவைக் குறைக்க வேண்டும். அதற்குச் சுற்றியுள்ள காற்றில் ஈரம் வேண்டும், கலவையில் அல்ல.

புதிய ஸ்பேக்னம் பாசியை நனைத்து, இனிமேல் சொட்டு வராது என்னும் வரை பிழிந்தேன். ஒளி ஊடுருவும் சிறிய தொட்டியில் அதைத் தளர்வாகப் போட்டு, செடியின் அடித்தண்டு பாசியைத் தொட்டும் தொடாமலும் இருக்கும்படி வைத்தேன். தொட்டியோடு சேர்த்து ஒரு பெரிய தெளிவான பிளாஸ்டிக் பைக்குள் வைத்து வாயைத் தளர்வாக மூடினேன். வெயில் நேரடியாக விழாத, ஆனால் வெளிச்சமான இடம். பைக்குள் நேர் வெயில் விழுந்தால் செடி வெந்துவிடும். அறை வெப்பம் 24 முதல் 28 டிகிரி வரை இருந்தது, புது வேர் விடுவதற்கு இந்த வெதுவெதுப்பு நல்லது. உரம் கிடையாது. வேர் இல்லாத செடிக்கு உரம் என்பது உப்பு, அவ்வளவே.

குருத்தில் தண்ணீர் தேங்காமல் இருக்கத் தொட்டியைச் சற்றுச் சாய்த்து வைத்தேன். மரத்தில் இந்தச் செடி பக்கவாட்டில், தலை தாழ்ந்துதான் தொங்கும். மழைநீர் குருத்தில் நிற்காமல் வழிந்துவிடும். நிமிர்ந்து நிற்பது நாம் தொட்டியில் அதற்குக் கற்றுக்கொடுத்த நிலை.

வேரே இல்லாத செடி இத்தனை நாள் எப்படித் தாங்கும் என்று அக்கா கேட்டாள். அதற்கு விடை அதன் மூச்சில் இருக்கிறது. பெரும்பாலான செடிகள் பகலில் இலைத்துளையைத் திறந்து கார்பன் டை ஆக்சைடை எடுக்கும்போது கூடவே நீரையும் இழக்கின்றன. ஃபெலனாப்சிஸ் இரவில் துளையைத் திறந்து அந்த வாயுவை அமிலமாகச் சேமித்து வைத்து, பகலில் துளையை மூடிக்கொண்டு அதிலிருந்து உணவு தயாரிக்கிறது. கிராசுலேசிய அமில வளர்சிதைமாற்றம் என்று தாவரவியலில் இதற்குப் பெயர். கள்ளிச்செடிகளும் செய்வது இதைத்தான். கூடவே அந்தத் தடித்த இலைகளே நீர்த்தொட்டிகள். அதனால் இது மாதக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். நம் பொறுமைதான் அதற்குள் தீர்ந்துவிடுகிறது.

காத்திருந்த வாரங்கள்

முதல் மூன்று வாரத்து நோட்டுப் பக்கங்களில் எழுத ஒன்றும் இல்லை. இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை பையைத் திறந்து பத்து நிமிடம் காற்று விடுவேன். மூன்றாம் வாரம் மீதமிருந்த மஞ்சள் இலை விழுந்தது. அதே வாரம் பாசியின் மேல் வெள்ளையாகப் பூஞ்சணம் படர்ந்தது. அந்தப் பகுதிப் பாசியை எடுத்துவிட்டுப் பையின் வாயை இன்னும் கொஞ்சம் திறந்து வைத்தேன், அடங்கியது.

நான்காம் வாரம் இலைகள் இன்னும் சுருங்கின. வேலை செய்யவில்லையோ என்ற சந்தேகம் அப்போதுதான் வலுவாக வந்தது. பாசியை நன்றாக நனைத்தால் என்ன, உரத் தண்ணீர் தெளித்தால் என்ன, வேறு இடத்துக்கு மாற்றினால் என்ன என்று தினமும் கை பரபரத்தது. எதையும் செய்யாமல் இருந்ததே அந்த வாரத்தின் சிகிச்சை என்று இப்போது உறுதியாகச் சொல்வேன்.

ஏழாம் வாரம். அடி இலை விழுந்த தழும்புக்குப் பக்கத்தில் தண்டின் தோலைப் பிளந்துகொண்டு பளபளப்பான பச்சைப் புள்ளி ஒன்று தெரிந்தது. அரிசி முனை அளவுதான் இருக்கும். பூந்தண்டோ என்று ஒரு நிமிடம் பயந்தேன். பூந்தண்டின் நுனி தட்டையாக, ஒரு பக்கம் மடல் வைத்து, விரல் பிரியாத கையுறை போல இருக்கும். இதன் நுனி உருண்டையாக, சொட்டு மாதிரி இருந்தது. வேர்தான். அக்காவுக்குப் படம் எடுத்து அனுப்பினேன். "இதுக்கா ஏழு வாரம்?" என்று கேட்டுவிட்டு, அடுத்த நொடியே "இன்னொண்ணு எப்ப வரும்?" என்றாள்.

இன்னொன்று ஒன்பதாம் வாரம் வந்தது. நான்காம் மாத முடிவில் மூன்று வேர்கள், ஒவ்வொன்றும் நான்கைந்து சென்டிமீட்டர். குருத்தில் ஒரு புது இலையின் முனை எட்டிப்பார்த்தது. பழைய இலைகளின் துவட்சி குறைந்து, மெல்ல நிமிர்ந்தன. வரிச் சுருக்கம் மட்டும் போகவில்லை. அவ்வளவு ஆழமாகச் சுருங்கிய இலை பழைய வழவழப்புக்குத் திரும்பாது. அதனால் செடி தேறுகிறதா என்பதைப் பழைய இலையில் தேடக்கூடாது. வேர் நுனியிலும் புது இலையிலும் பார்க்க வேண்டும்.

பையைப் பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாக அகலத் திறந்து, பிறகு முழுதும் எடுத்தேன். ஐந்தாம் மாதம் நடுத்தர அளவு மரப்பட்டைத் துண்டுகளும் கொஞ்சம் கரித்துண்டும் கலந்து, பக்கவாட்டிலும் துளை உள்ள தெளிவான தொட்டிக்கு மாற்றினேன். தொட்டி வேரை மட்டும் அடக்கும் அளவுக்குச் சிறியது. பெரிய தொட்டி என்றால் காயாத கலவை அதிகம் என்று பொருள். உரம் அதன் பிறகுதான். பொட்டலத்தில் சொன்ன அளவில் கால் பங்கு, மூன்று முறை தண்ணீருக்கு ஒருமுறை.

தண்ணீர் விட நாள் கணக்கு வைக்கவில்லை. தொட்டியை நனைத்ததும் ஓர் எடை, நன்றாகக் காய்ந்ததும் ஓர் எடை. காய்ந்த எடைக்கு அருகே வந்து, தொட்டிச் சுவரில் தெரியும் வேர் வெள்ளியானால் பத்து நிமிடம் தண்ணீரில் மூழ்கவைத்து, முழுக்க வடியவிட்டு, பிறகே வெளித்தொட்டிக்குள் வைப்பேன். சில வாரம் ஆறு நாளில் கேட்டது, ஈரக்காற்று வீசிய நாட்களில் பதினொரு நாள் வரை கேட்கவில்லை. வாரம் ஒருமுறை என்று கணக்கு வைத்திருந்தால் இரண்டிலும் தவறியிருப்பேன்.

பூந்தண்டை வெட்டியது

பத்தாம் மாதம் உண்மையாகவே ஒரு பூந்தண்டு வந்தது. பகல் வெப்பம் 25 டிகிரிக்குக் கீழே சில வாரம் நிலைத்தால் ஃபெலனாப்சிஸ் தண்டு விடும். 28க்கு மேலேயே நின்றால் இலை மட்டும் விட்டுக்கொண்டிருக்கும். பருவம் குளிர்ந்ததை நம் செடியும் உணர்ந்திருக்கிறது. அப்போது அதனிடம் இருந்தது நான்கு இலை. அதில் மூன்று சுருங்கிய பழசு. தண்டு இரண்டு அங்குலம் வளர்ந்ததும் வெட்டினேன்.

அக்காவுக்கு அதில் உடன்பாடு இல்லை. ஒரு வருடம் கழித்து வந்த பூவை வெட்டலாமா என்று வருத்தப்பட்டாள். எனக்கும் மனம் வரவில்லைதான். ஆனால் மொட்டுக்கும் பூவுக்கும் போகும் நீரும் சத்தும் இலையில் இருந்துதான் வர வேண்டும். பலவீனமான செடியும் பூக்கும், பூத்து முடித்துச் சாய்ந்தும் போகும். அந்த முடிவை இன்றும் சரி என்றே நினைக்கிறேன்: வெட்டிய ஐந்து வாரத்தில் இன்னொரு இலை வந்தது, முந்தையதைவிட இரண்டு விரல் நீளமாக.

அடுத்த ஆறு மாதம் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. வேர், இலை, வேர். பழைய சுருங்கிய இலைகளில் இரண்டு தாமாகக் காய்ந்து விழுந்தன. பதினாறாம் மாதம், ஐந்து இலையோடும் எண்ணி ஒன்பது வேரோடும் இருந்தபோது, மறுபடி அந்தக் கையுறை விரல் நீட்டியது. இந்த முறை குச்சி வைத்துக் கட்டினேன். தொட்டியைத் திருப்பாமல் ஒரே பக்கம் வெளிச்சம் பார்க்க வைத்தேன், திருப்பினால் தண்டு நெளிந்து வளரும். மொட்டு வந்த பிறகு பழங்கள் வைக்கும் இடத்திலிருந்து தள்ளியே வைத்தேன். பழுக்கும் பழம் விடும் எத்திலீன் மொட்டுகளைப் பிரியுமுன்பே உதிர்த்துவிடும்.

பத்தொன்பதாம் மாதம் முதல் பூ விரிந்தது. மொத்தம் ஆறு மொட்டு, ஆறும் நின்றன.

திருப்பிக் கொடுத்தபோது

செடியை அக்காவிடம் கொடுக்கும்போது எதைச் சொல்லி அனுப்புவது என்று யோசித்தேன். வாரத்துக்கு எத்தனை முறை என்று அவள் கேட்டால் என்னிடம் பதில் இல்லை. வேர் நிறம் பார்க்கச் சொல்லலாம், ஆனால் இரவு வீட்டுக்குத் திரும்பி விளக்கு வெளிச்சத்தில் பார்ப்பவளுக்கு வெள்ளியும் பச்சையும் பிரியாது. பீங்கான் தொட்டியை நான் திருப்பித் தரவில்லை. உள்தொட்டியின் பக்கத்தில் ஒரு சீட்டு ஒட்டினேன்: "காய்ந்தால் 240, நனைந்தால் 310."

போன வாரம் அவளிடமிருந்து ஒரு படம் வந்தது. தொட்டி தராசின் மேல் இருக்கிறது, எண் 268. கீழே எழுதியிருந்தாள்: "இலை ஒண்ணு லேசா தொங்குற மாதிரி இருக்கு. ஆனா இன்னும் இருபத்தெட்டு கிராம் இருக்கு. ஊத்தல."

நான் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தொங்கியது பழைய இலைகளில் மிஞ்சிய அந்த ஒன்றுதான்.